பொருட்காட்சியா, அபார்ட்மென்ட் சந்தையா, கோயில் திருவிழாவா? சின்ன டிராவல்ஸ்காரர் எங்கே ஸ்டால் போடலாம்

இரண்டு மூன்று பேரோடு ஒரு சின்ன அலுவலகம், காசி, நவக்கிரகம், ஊட்டி என்று வருஷத்துக்குச் சில குரூப் டூர், மற்ற நாளில் கார், வேன் வாடகை. இப்படித் தொழில் செய்யும் வாசகர்கள் பலர் சித்திரை நெருங்கும்போதும் தீபாவளி நெருங்கும்போதும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பொருட்காட்சியில் ஸ்டால் எடுக்கலாமா, அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடலாமா? மதுரை, திருச்சி, சேலம், கோவை அளவுள்ள ஊர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சென்னையில் வாடகை கூடும், தூரமும் கூடும். மற்றபடி கணக்கு இதேதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊறுகாய்க் கடைக்காரர் ஸ்டால் போட்டால் அன்று ராத்திரியே கல்லாவை எண்ணிப் பார்க்கலாம். டூர் விற்பவருக்கு அது நடக்காது. தலைக்கு இருபதாயிரம் ரூபாய் காசிப் பயணத்துக்கு, முன்பின் தெரியாத ஒருவரிடம் நின்ற இடத்தில் யாரும் பணம் கட்டுவதில்லை. "காசை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டால்?" என்ற பயம் வாடிக்கையாளருக்கு இருக்கிறது, அது நியாயமான பயம். ஸ்டாலில் அதிகபட்சம் நடப்பது அறிமுகம். அந்த ஆள் உங்களை இரண்டாவது முறை எங்கே பார்ப்பார் என்பதில்தான் வியாபாரம் இருக்கிறது. கூட்டம் எவ்வளவு வரும் என்று விசாரிப்பவர்கள் இதை விசாரிப்பதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

வருகிறவர் எங்கே குடியிருக்கிறார் என்பது முதல் கேள்வி. உங்கள் பஸ் கிளம்பும் இடத்துக்கு அதிகாலை நாலு மணிக்கு அவரால் வந்து சேர முடியுமா? முடியாதவரிடம் நோட்டீஸ் கொடுப்பது காகிதச் செலவு.

அவருக்கு நின்று பேச நேரம் இருக்கிறதா, முடிவெடுப்பவரும் பணம் கட்டுபவரும் ஒரே ஆளா என்பவை அடுத்தவை. யாத்திரையில் பெரும்பாலும் போகிறவர்கள் அப்பா அம்மா. பணம் அனுப்புவது பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளை. ஸ்டாலில் நிற்பது இவர்களில் யார் என்று பார்க்க வேண்டும்.

நான்காவது நாள்காட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ரயிலை நம்பிய டூர் என்றால், முன்பதிவு திறக்கும் நாளுக்கு முன்பாகவே பெயர்ப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். அதனால் நிகழ்ச்சி நடக்கும் தேதியோடு இரண்டு மாதம் கூட்டிப் பாருங்கள். அப்போது என்ன சீசனோ அதைத்தான் அந்த ஸ்டாலில் விற்க முடியும். சித்திரைப் பொருட்காட்சி ஏப்ரல், மே மாதங்களில் வரும். அங்கே நின்று மே மாதக் கோடை விடுமுறைக்கு டெல்லி, ஆக்ரா விற்கப் பார்த்தால் ரயிலில் இடம் இருக்காது. ஆடி அமாவாசை காசி, ராமேஸ்வரம் என்றால் கச்சிதம். முன்பதிவு மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். அக்டோபரில் தீபாவளியை ஒட்டி நடக்கும் விற்பனைக் கண்காட்சி, டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்குச் சரியாகப் பொருந்தும். ஜனவரி முதல் வாரப் பொங்கல் கண்காட்சி கொஞ்சம் இடிக்கும். இரண்டு மாதம் தள்ளினால் மார்ச், வீட்டுக்கு வீடு பரீட்சை. ஓய்வு பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் கிளம்ப மாட்டார்கள்.

கடைசியாக, முழுச் செலவு. ஸ்டால் வாடகை மட்டும் செலவு இல்லை. வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். டூர் பேக்கேஜுக்கு 5 சதவீத வரி வாங்குபவர்கள் இந்த 18 சதவீதத்தை, தாங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவே எடுக்காதவர்களுக்கும் இதே கதை. நேராகக் கைக்காசு. அதோடு ஃபிளக்ஸ், மேசை, விளக்கு, கரண்ட் கட்டணம், நிற்கும் ஆட்களுக்குப் படி. இதில் யாரும் எழுதிவைக்காத ஒரு செலவும் உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்த ஒரே ஆளை ஸ்டாலுக்கு அனுப்பிவிட்டால், அலுவலகத்தில் போனை எடுப்பது யார்?

## அரசுப் பொருட்காட்சி

சென்னைத் தீவுத்திடலில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துவது, மதுரையில் சித்திரைத் திருவிழாவை ஒட்டி வருவது, சேலத்தில் ஆடித் திருவிழாக் காலத்தில் வருவது, எல்லாமே வாரக் கணக்கில் ஓடுபவை. டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வருகிறார்கள், குடும்பத்தோடு வருகிறார்கள், சாயங்காலம் முழுக்க நல்ல கூட்டம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்.

ஆனால் அவர்கள் வருவது ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும். கையில் குழந்தை, இன்னொரு கையில் பஞ்சுமிட்டாய். உங்கள் ஸ்டால் முன்னால் நின்று ஆறு நாள் பயணத் திட்டத்தைக் கேட்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் நிறைய. அவர்களில் பலருக்கு உங்கள் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாது, மறுபடி அந்தப் பக்கம் வரவும் மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையை நிரப்பிக்கொள்ளுங்கள். வாடகை 40,000, வரி 7,200. ஃபிளக்ஸ், மேசை, விளக்கு, கரண்ட் எல்லாம் சேர்த்து 12,800. இரண்டு பேர், தினம் தலைக்கு 500 ரூபாய், 45 நாள் என்றால் 45,000. மொத்தம் 1,05,000. ஒரு சீட்டில் எல்லாம் போக உங்களுக்கு 1,500 ரூபாய் நிற்கிறது என்றால், செலவை மீட்கவே 70 சீட் விற்க வேண்டும். நாற்பது சொச்சம் இருக்கைப் பஸ்ஸில் கிட்டத்தட்ட இரண்டு பஸ். அதற்கு மேல் வருவதுதான் லாபம்.

அப்படியானால் யாருக்குச் சரிப்படும்? ஒரு நாள் டூரை அடிக்கடி நடத்துபவர்களுக்கு. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை நவக்கிரகம் என்று தலைக்கு ஆயிரம் சொச்சத்தில் போகும் பயணங்களை யாரும் ரொம்ப யோசிப்பதில்லை. ஸ்டாலிலேயே முன்பணம் கட்டிவிடுவார்கள், ரயில் முன்பதிவுத் தொல்லையும் இல்லை. சொந்தமாக டெம்போ டிராவலர் வைத்திருப்பவர்களுக்கும் பலன் உண்டு. கல்யாண வேன், காதுகுத்துக்கு வேன் என்று விசாரிப்பவர்கள் பொருட்காட்சியில்தான் அதிகம். மற்றவர்கள், தனி ஸ்டால் எடுப்பதற்குப் பதிலாகத் துணி, பை விற்கும் ஒருவரோடு பாதி ஸ்டாலைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் உள்வாடகைக்குத் தடை இருக்கலாம், கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

## மண்டபத்தில் நடக்கும் விற்பனைக் கண்காட்சி

தீபாவளிக்கு முன்பும் பொங்கலுக்கு முன்பும் கல்யாண மண்டபத்தில் இரண்டு மூன்று நாள் நடக்கும் சேலை, நகை, பலகாரக் கண்காட்சிகளைச் சொல்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வாங்கும் எண்ணத்தோடு பர்ஸைத் திறந்துகொண்டுதான் வருகிறார்கள். ஆனால் அந்தப் பர்ஸ் சேலைக்கு. டூர் பற்றிக் கேட்டால் "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். உண்மையிலேயே பேசவும் செய்வார்கள். பெண்கள் மட்டும் போகும் குரூப் டூர் நடத்துபவராக இருந்தால் இதைத் தவற விடாதீர்கள். மற்றபடி, ஒரு முறை போய்ப் பார்க்கலாம் என்பதற்கு மேல் இதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

## அபார்ட்மென்ட் சந்தை

இதைத்தான் நான் முதலில் முயற்சி செய்யச் சொல்வேன். பெரிய குடியிருப்புகளில் சங்கமே சனி, ஞாயிறுகளில் சந்தை போடுகிறது. மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, ஒரு சாயங்காலம். வாடகை சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை. மேசை, நோட்டீஸ், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 5,000 ஆகிறது என்று வைத்தால், முன் சொன்ன கணக்குப்படி நாலு சீட் விற்றால் செலவு தேறிவிடும்.

வருகிறவர் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் எல்லாரும் அங்கேயே குடியிருப்பவர்கள், கீழே இறங்கி வந்தவர்கள், அவசரம் இல்லாதவர்கள். ஓய்வு பெற்ற தம்பதிகள் மேசை முன்னால் உட்கார்ந்தே பேசுவார்கள். "காசியில் அறை எத்தனாவது மாடி? லிஃப்ட் இருக்கிறதா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா?" என்று மூட்டு வலியோடு வருபவர்கள் கேட்பார்கள். சாப்பாட்டில் பூண்டு, வெங்காயம் இருக்குமா என்று ஒருவர் கேட்பார். இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்பவரிடம் பாதி நம்பிக்கை வந்துவிடும். விலையைப் பற்றிய கேள்வி இதற்கெல்லாம் பிறகுதான்.

பணம் அனுப்பும் பிள்ளை அங்கே இருக்க மாட்டார். அதனால் பளபளப்பான வண்ண நோட்டீஸைவிட, வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பக்கூடிய ஒரு பக்கத் திட்டம் அதிகம் வேலை செய்யும். தேதி, ரயில், தங்கும் இடத்தின் பெயர், எது விலையில் அடங்கும், எது அடங்காது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும், ஜிஎஸ்டி எண், அலுவலக முகவரி. இந்த ஒரு பக்கம் போதும். அன்று ராத்திரியே அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேயும் உண்டு. குடியிருப்போருக்குத் தள்ளுபடி வேண்டும் என்று சங்கம் கேட்கும். விளையாட்டு விழாவுக்குப் பரிசு தரச் சொல்வார்கள். ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்த விலை மறுநாள் காலை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இன்னொன்று, ஒரு பயணத்தில் ஏ.சி. வேலை செய்யவில்லை என்றால் அந்த வளாகமே உங்களை மறந்துவிடும். சேவையில் இன்னும் தடுமாற்றம் இருக்கும் புது நிறுவனம் இங்கே அவசரப்பட்டு நுழையாமல் இருப்பது நல்லது.

## கோயில் திருவிழாக் கடை

யாத்திரை விற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டம் கிடையாது. ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலுக்கு வருகிறவரிடம் புரட்டாசி சனிக்கிழமை நவ திருப்பதி போகலாம் என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். தாமிரபரணிக் கரையில் ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், திருநெல்வேலியில் சாப்பாடு, இருட்டுக்கடை அல்வாவுக்குக் கொஞ்ச நேரம். இதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை.

இடம் பிடிப்பதுதான் பாடு. பல ஊர்களில் திருவிழாக் கடைகளுக்கு ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் உங்களுக்கு உள்வாடகைக்குத் தருவார், ரசீது தருவாரா என்பது வேறு விஷயம். தேர் வரும் நாளில் கடையை எடுக்கச் சொல்வார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் பேசிப் புரியவைப்பது நடக்காது. அதனால் அகலமான மேசை போட்டு உட்காருவதைவிட, சந்நிதித் தெருவில் ஏற்கெனவே இருக்கும் பூக்கடை, பூஜைப் பொருள் கடைக்காரரிடம் பேசி வாசலில் ஒரு பலகையும் நோட்டீஸும் வைத்துக்கொள்வது மலிவு. கடைக்காரர் வருஷம் முழுக்க அங்கே இருப்பவர். அவர் "நல்லவங்கதான், போயிட்டு வாங்க" என்று சொன்னால், அது உங்கள் பேனரைவிடப் பெரிது.

ஒரு கேள்விக்குத் தயாராகப் போங்கள். "கவர்மென்ட்டே இலவசமா காசிக்குக் கூட்டிட்டுப் போகுதாமே?" இந்து சமய அறநிலையத் துறை 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களை ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு இலவசமாக அழைத்துப் போகிறது, உண்மைதான். இடம் குறைவு, விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். அதை மறைக்காமல் சொல்லி, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். 70 தாண்டியவர்களும் இடம் கிடைக்காதவர்களும் உங்களிடம்தான் திரும்பி வருவார்கள்.

## ஸ்டாலே போடாமல்

எங்கும் ஸ்டால் எடுக்காமல் நன்றாக ஓடும் டிராவல்ஸ்களைப் பாருங்கள். பின்னால் ஒரு ஆள் இருப்பார். ஒரு குருசாமி, மகளிர் குழுத் தலைவி, ஓய்வு பெற்ற ஆசிரியர் அல்லது தெருவில் எல்லாரையும் தெரிந்த ஒரு அக்கா. பத்துப் பேரைச் சேர்த்தால் ஒரு சீட் இலவசம் என்பது இந்தத் தொழிலின் பழைய நடைமுறை. அந்த இலவச சீட்டுதான் உங்கள் விளம்பரச் செலவு, அதுவும் பஸ் நிறைந்த பிறகுதான் செலவாகிறது.

உழவர் சந்தை வாசலில் காலையில் நோட்டீஸ் கொடுப்பது இந்த வழிக்கு உதவும். 1999இல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் உள்ளே கடை விவசாயிகளுக்கு மட்டும்தான், உங்களுக்கு மேசை கிடைக்காது. ஆனால் வாசலில் தினம் அதே முகங்கள் வரும். நோட்டீஸில் ஊர் பெயர்களை அடுக்குவதற்குப் பதிலாக "பத்துப் பேர் சேர்ப்பவருக்கு ஒரு சீட் இலவசம்" என்று பெரிதாகப் போடுங்கள். நூறு பேர் கசக்கிப் போட்டாலும், ஆள் சேர்க்கத் தெரிந்த ஒரே ஒருவர் கையில் அது சிக்கினால் போதும்.

குறை என்ன? அந்த ஒருவர் கோபித்துக்கொண்டால் பஸ்ஸே காலி. அடுத்த வருஷம் அவரே சொந்தமாக டூர் நடத்த ஆரம்பிக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்கிறார்கள்.

## ஒரே பார்வையில்

| | யாரிடம் போய்ச் சேரும் | செலவு | எதை விற்கலாம் | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|---|
| அரசுப் பொருட்காட்சி | பல ஊர்க் குடும்பங்கள் | மிக அதிகம் | ஒரு நாள் டூர், வேன் வாடகை | ஆள் பலம் இல்லாதபோது |
| மண்டபக் கண்காட்சி | வாங்க வந்த பெண்கள் | நடுத்தரம் | பெண்கள் குழு டூர், டிசம்பர் விடுமுறை | பொங்கல் சமயம் ரயில் டூருக்கு |
| அபார்ட்மென்ட் சந்தை | ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் வழியாகப் பிள்ளைகள் | குறைவு | நீண்ட யாத்திரை, விலை கூடிய டூர் | சேவை இன்னும் சீராகாதபோது |
| கோயில் திருவிழா | பக்தர்கள் | இடத்தைப் பொறுத்து | அடுத்த சீசன் யாத்திரை | ஏலக் கடை வாடகை ஏறிப்போனால் |
| ஆள் சேர்ப்பவர் | ஒரு தெரு, ஒரு குழு | ஒரு இலவச சீட் | எல்லாமே | அவர் ஒருவரையே நம்பியிருக்கும்போது |

டிராவல் தொழிலுக்கென்றே நடக்கும் வர்த்தகக் கண்காட்சிகளைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அங்கே ஸ்டால் போடுபவர்கள் ஹோட்டல்களும் மாநிலச் சுற்றுலாத் துறைகளும். நீங்கள் பார்வையாளராகப் போய், ஹோட்டல்காரர்களிடம் குரூப் விலை பேசிவிட்டு வாருங்கள்.

## பேனரில் எழுதும் முன்

எங்கே போட்டாலும் மூன்று விஷயத்தில் ஜாக்கிரதை.

"ரயில் டிக்கெட் எடுத்துத் தரப்படும்" என்று எழுத, அங்கீகாரம் பெற்ற முகவராக இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் 1989 ரயில்வே சட்டத்தின் 143ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அதற்குப் பதிலாக "ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ் நாங்களே எடுத்துவிடுவோம்" என்று போடுங்கள். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் அங்கே வண்டியில் போக அந்த அனுமதி கட்டாயமானதிலிருந்து, எப்படி எடுப்பது என்று தெரியாமல் தடுமாறுபவர்கள் ஏராளம்.

குலுக்கல் கூப்பன் வேண்டாம். தமிழ்நாட்டில் பரிசுத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1979 முதல் இருக்கிறது. தேசிய விளம்பரங்களில் "தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று பொடி எழுத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். சட்டத்தை விட்டுவிட்டாலும், மிக்ஸி கிடைக்கும் என்று போன் நம்பர் எழுதிப் போட்ட ஐந்நூறு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தால் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள், மீதிப் பேர் மிக்ஸி என்ன ஆச்சு என்பார்கள்.

மாதத் தவணைத் திட்டம் மூன்றாவது. குறிப்பிட்ட தேதிப் பயணத்துக்கு ரசீதோடு முன்பணம் வாங்குவது வேறு. மாதம் ஆயிரம் கட்டுங்கள், கடைசியில் போனஸோடு தருகிறோம் என்று ஆசை காட்டுவது வேறு. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்கு எதிராக 2019இல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது. உங்கள் ஆடிட்டரிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

## வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்

ஸ்டால் முடிந்த வாரமே நஷ்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அபார்ட்மென்ட் மேசையில் மே மாதம் பேசியவர் ஜூனில் போன் செய்வார், ஜூலையில் பணம் கட்டுவார். சில பேர் அடுத்த வருஷம்தான் வருவார்கள், நோட்டீஸைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு. பதிவுப் படிவத்தில் "எங்களை முதலில் எங்கே பார்த்தீர்கள்?" என்று ஒரு வரி சேருங்கள். யாராவது சொல்லி வந்தவர் என்றால், சொன்னவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சீசன் முழுக்க முடிந்த பிறகு அந்தப் படிவங்களை எடுத்து எண்ணிவிட்டு, அதற்கப்புறம் அடுத்த வருஷ ஸ்டாலுக்கு முன்பணம் கட்டுங்கள். முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்று அமைப்பாளர்கள் கடைசி நாளன்றே படிவத்தை நீட்டுவார்கள். அன்றைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.